கைப்பிடி எந்தப் பக்கம்

பிள்ளைக்கு முதல் தூண்டில் ரீல் வாங்க வரும் அப்பன்மார்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையின் கை எவ்வளவு, மணிக்கட்டு எவ்வளவு என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. கண்ணாடி அலமாரியில் இருப்பதிலேயே பெரிய ரீலைக் காட்டி, "அதை எடுங்க பாயம்மா" என்பார்கள். காவிரியில் திமிங்கலம் இருக்கிறது என்று யார்தான் இவர்களுக்குச் சொன்னார்களோ.

எடப்பாடியிலிருந்து பூலாம்பட்டி போகிற சாலையில் எங்கள் கடை. வலை, நைலான் நரம்பு, தூண்டில் முள், தக்கை, ஈயக்குண்டு எல்லாம் கிடைக்கும். இப்போது சில வருஷங்களாக தூண்டில் ராடும், நரம்பைச் சுற்றுகிற ரீலும் வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் நசுருல்லா வலைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய்விடுவார். கடையில் உட்கார்ந்து வாய் கொடுப்பது ரஹமத் பீவியாகிய நான்தான். "உன் வாய்க்குப் பயந்துதான் ஜனங்க வாங்கிட்டுப் போகுது" என்று அவர் கிண்டல் பண்ணுவார். பயந்தாவது வாங்கட்டுமே, நமக்கென்ன.

காளியப்பன் வந்தது போன கோடை விடுமுறையில், தார் இளகிக் கிடந்த ஒரு மத்தியானம். ஆள் நெடுநெடுவென்று இருந்தார். முன்னங்கை முழுக்கப் பழைய தீக்காயத் தழும்பு. பேசினால் தெருக்கோடிக்குக் கேட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். காது மந்தம் என்று அப்புறம் தெரிந்தது. போர்வெல் வண்டியில் கம்ப்ரஸர் பக்கத்திலேயே காலமெல்லாம் நின்றவர்களுக்கு அப்படித்தான் ஆகிவிடுகிறது.

"புள்ளைக்கு ஒரு ரீலு வேணுங்க பாயம்மா. தா, அந்தப் பெருசு. அது எவ்வளவு வெயிட்டு இழுக்குமுங்க?"

"ஏன், போர்க்குழாயா இழுக்கப் போறீங்க? புள்ளைக்கு என்ன வயசு?"

அவர் யோசித்தார். அதற்கு யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏழுங்க... இல்லீங்க, எட்டு நடக்குது. பொட்டப்புள்ளைங்க."

"எட்டு வயசுப் புள்ளை இந்தப் பெரிய ரீலை மாட்டினா ராடைத் தூக்கவே தூக்காது. தோள் வலிச்சு ஒருக்கா கீழ வெச்சுருச்சுன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் தூண்டி பக்கம் வராது. அந்தப் பக்கம் பாக்காதீங்க, இங்க பாருங்க."

உள்ளங்கைக்குள் அடங்குகிற நீல ரீல் ஒன்றை எடுத்து வைத்தேன். சின்னப் பிள்ளைக்கு ரீல் எடுக்கும்போது நான் பார்ப்பது அதிகமில்லை. சுற்றினால் தடதடவென்று ஆடாமல் ஓட வேண்டும். கைப்பிடிக் குமிழ் பிள்ளையின் விரலுக்குள் நிற்க வேண்டும். மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் ரீல் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கலர் பிள்ளையின் இஷ்டம். அவரைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அந்தத் தடித்த விரல்களில் குமிழ் அகப்படவே இல்லை.

"சரி, புள்ளைக்கு எந்தக் கைப் பழக்கம்?" என்று கேட்டேன்.

"என்னதுங்க?"

"சோத்துக்கையா, இடது கையா? கைப்பிடியை எந்தப் பக்கம் மாட்டறதுன்னு எனக்குத் தெரியணும்ல?"

"சோத்துக்கைதானுங்க. எங்கூட்டுல எல்லாத்துக்கும் சோத்துக்கைதானுங்க."

"ஊட்டுல எல்லாத்தையும் நான் கேக்கல. அந்தப் புள்ளைக்கு என்ன கை?"

"சோத்துக்கைதான்" என்று மறுபடியும் சொன்னார். ஆனால் இந்தத் தடவை சத்தம் இறங்கிவிட்டது. பெற்ற பிள்ளை எந்தக் கையால் வேலை செய்யும் என்று தெரியாத மனுஷன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கைப்பிடியை இடப்பக்கமாக வைத்துத் திருகை இறுக்கினேன்.

"ஏனுங்க, சோத்துக்கைன்னு சொன்னா மாத்தி மாட்டறீங்க?"

"தூக்கி எறியற கைதான் ராடைப் புடிக்கும். சுத்தறது மத்த கை. எதுக்கும் புள்ளையை ஒருக்கா கூட்டிட்டு வாங்க. கையைப் பாத்துட்டே குடுத்தர்றேன்."

"வராதுங்க" என்றார். "எங்கூட எங்கயும் வராதுங்க."

அதைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் வந்த ஆள் மயங்கிவிடப் போகிறாரே என்று தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவராகவே பேச ஆரம்பித்தார். கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கதை சொல்வது வழக்கம்தான். நான் பாதி கேட்பேன், பாதி கேட்கமாட்டேன். அன்றைக்கு முழுசாகக் கேட்டேன்.

மீசை முளைக்கும் முன்பே திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் எடுபிடியாக ஏறியவர் அவர். பிறகு துளை போடுகிற டிரில்லர் ஆனார். கர்நாடகா, மராட்டியம், சத்தீஸ்கர் என்று தண்ணீர் இல்லாத ஊரெல்லாம் அவருக்குத் தெரியும். வண்டி நிற்பது மழைக்காலத்தில்தான். அப்போதுதான் வீட்டுக்கு வருவார். மழை விட்டதும் மறுபடி ஏறிவிடுவார். கல்யாணம் ஆனதும் அப்படித்தான், பிள்ளை பிறந்ததும் அப்படித்தான்.

அதற்கு முந்தின வருஷம் அவர் சத்தீஸ்கரில் இருந்தபோது அவர் மனைவி காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் போனில் அவளே சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கைமீறிவிட்டது. இவர் ரயில் பிடித்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது.

"எம்மூஞ்சியப் பாக்காமயே அவ போயிட்டா. அவ மூஞ்சிய நான் பாக்காமயே மண்ணுக்குள்ள வெச்சுட்டாங்க" என்றார். சத்தம் போட்டுத்தான் சொன்னார். அவருக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. சாலையில் போன ஒரு பையன் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினேன்.

மகள் தேவிப்ரியாவை அவளுடைய சித்தி மலர்விழி வெண்ணந்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். மலர்விழிக்குத் தறி வேலை, குழந்தை இல்லை. அக்கா பிள்ளையைத் தன் பிள்ளையாக வைத்துக்கொண்டாள். காளியப்பன் போர்வெல் வேலையை விட்டுவிட்டு எடப்பாடியில் ஒரு தறிப்பட்டறையில் சேர்ந்திருந்தார். வீட்டை வெள்ளையடித்துப் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஆனால் மலர்விழி ஒன்று சொல்லியிருந்தாள்: 'பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளை தானாக வருகிறேன் என்று சொன்னால் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் இங்கேயே இருக்கட்டும், அழவைத்துக் கூட்டிப் போகக் கூடாது.'

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போறனுங்க. நான் போய் நின்னா வாத்தியாரு முன்னால நிக்கற மாதிரி கையப் பின்னால கட்டிட்டு நிக்குது. ஒரு வார்த்தை பேசறதில்லைங்க. என்ன வேணும் சாமின்னு எத்தனையோ தரம் கேட்டேன். போன வாரந்தான் ரீலு வெச்ச தூண்டின்னு மலருகிட்ட சொல்லியிருக்குது. அதான் ஓடியாந்தனுங்க. இதுலயாச்சும் எம்பக்கம் திரும்புதான்னு பாக்கறேன்."

அந்த நீல ரீலையும், சின்ன ராடு ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார். வண்டியில் போகும்போது ராடைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அல்லாஹ்வே, அந்தப் பிள்ளை இந்த மனுஷனைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிடட்டும் என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை கடை திறக்கும்போதே ஆள் வாசலில் நின்றிருந்தார். ராடைக் கவுண்டர் மேல் வைத்தார். நரம்பு சிக்கலோ சிக்கல்.

"ரீலு சரியில்லீங்க பாயம்மா."

அவ்வளவுதான், எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "என் கடை ரீலையா சரியில்லைங்கறீங்க? சுத்திப் பாத்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க? என்ன பண்ணினீங்க அதை?"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. நடந்ததைச் சொன்னார். வெண்ணந்தூர் ஏரிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறார். ரீலைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் மலர்ந்ததாம். அப்பனுக்கு உயிரே வந்துவிட்டது. ராடை எடுத்து அவளுடைய வலது கையில் வைத்திருக்கிறார். எறிந்தாள், முள் காலடியிலேயே விழுந்தது. மறுபடி எறிந்தாள், கருவேல முள்ளில் போய் மாட்டியது. "சோத்துக்கைய நல்லா வீசு சாமி" என்று இவர் சொல்லியிருக்கிறார். இவர் சொன்னால் எப்படிச் சொல்லியிருப்பார்? ஏரிக்கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பிள்ளை ராடைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டது.

"வேற ரீலு குடுங்க. எது வேணாலும் குடுங்க. பள்ளிக்கூடம் தொறக்க நாளில்லீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"வேற ரீலு கெடையாது" என்றேன். "புள்ளை கையைப் பாக்காம இனி ஒரு திருகைக்கூட நான் கழட்டமாட்டேன். அந்தச் சித்தியையும் சேத்துக் கூட்டிட்டு வாங்க. கடையைப் பாக்கப் போறோம்னு சொல்லுங்க. வரும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். மலர்விழி ஒல்லியாக, களைத்த முகத்தோடு இருந்தாள். துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அதில் பிள்ளைக்கு மாற்றுத் துணி இருந்திருக்க வேண்டும். பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. காளியப்பன் கிட்ட வந்ததும் சேலையை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. அவர் சொன்னது சரிதான்.

நான் ரீலைப் பற்றிப் பேசவே இல்லை. தக்கைகள் போட்டு வைத்திருக்கும் தட்டை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மிட்டாய் மாதிரி இருக்கும். எந்தப் பிள்ளைக்கும் கை நீளாமல் இருக்காது.

"ஒண்ணு எடுத்துக்க கண்ணு. பாயம்மா சும்மா தரேன்."

பிள்ளையின் இடது கை முன்னால் வந்தது. சிவப்புத் தக்கையைத் தொடப்போகும் நேரத்தில் அது சடக்கென்று பின்னால் போய்விட்டது. வலது கை வந்து தக்கையை எடுத்தது. எடுத்துவிட்டுப் பிள்ளை அப்பன் முகத்தைப் பார்த்தது. அது பயம்தான்.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், இதே கவுண்டரில்.

"கண்ணு, உங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

"சரிதா."

சரிதா! முள்ளும் நரம்பும் வாங்க வருவாளே, அந்த சரிதா. இடுப்பில் பிள்ளையோடு வருவாள். பிள்ளை வளர்ந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். காசு கொடுக்க இடது கையை நீட்டுவாள், சுட்டுக்கொண்டவள் மாதிரி உடனே இழுத்துக்கொண்டு வலது கையால் கொடுப்பாள். "எந்தக் கையா இருந்தா என்ன, குடும்மா" என்றால் சிரிப்பாள். பூலாம்பட்டிக் கதவணைப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் அவள் தூண்டில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். மரச்சட்டத்தில் சுற்றிய வெறும் நரம்புதான், ரீல் கிடையாது. இடது கையால் வீசுவாள். ஆம்பிளைகள் எறிவதைவிட அது தூரமாகப் போகும். கடையில் பிள்ளை அலமாரிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நீல ரீலையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் சரிதா கேட்டாள்: "இதுல கைப்பிடியை அந்தப் பக்கம் மாத்த முடியுங்களா பாயம்மா? புள்ளை பெருசானதும் இதைத்தான் வாங்கோணும். வெறும் நரம்பு அது வெரலை அறுக்குது." நான் மாற்றிக் காட்டினேன். அதற்கப்புறம் அவள் வரவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அதற்குள் உயர்ந்துவிட்டதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இதையெல்லாம் அங்கேயே சொன்னேன். சொல்லிக்கொண்டே அழுதேன். அழுகை வந்தால் அழுகிறதுதான், அதை யாரிடம் மறைப்பது?

காளியப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லையோ என்று கடைசியில் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

"கேட்டுதுங்க" என்றார். "ஆனா நீங்க வேற யாரையோ சொல்றீங்க. எங்கூட்டுக்காரிக்குச் சோத்துக்கைதானுங்க. எனக்குச் சோறு போட்டிருக்கறா, கொழம்பு ஊத்தியிருக்கறா. எல்லாம் சோத்துக்கையிலதான். எனக்குத் தெரியாதுங்களா?"

மலர்விழி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இல்லீங் மாமா. அக்காவுக்குப் பீச்சாங்கைதான்."

"அப்பறம் எப்படி..."

"கல்யாணத்துக்குப் பொறவு உங்கூட்டுல மொதல் விருந்து நடந்துச்சில்ல. அக்கா மறந்தாப்புல பீச்சாங்கையில பொரியல் வெச்சிருச்சு. உங்கப்பா எலையை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. நீங்க அக்காகிட்ட, சோத்துக்கையில போட்டாத்தான் என்னன்னு கேட்டீங்க."

"நானா?" என்றார். அவருக்கு நினைவே இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஒருக்காலும் நான் திட்டினதில்லையே மலரு."

"திட்டலீங் மாமா. ஒருக்கா கேட்டீங்க, அவ்வளவுதான். அதுலருந்து நீங்க ஊட்டுல இருக்கற வரைக்கும் எல்லாத்துக்கும் சோத்துக்கைதான். நீங்க வண்டியேறினப்புறம் கையை மாத்திக்கும். நீங்க இருக்கறப்ப மழை, ஆத்துல வெள்ளம். தூண்டி போடறதை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க."

பிள்ளைதான் பேசியது. என்னைப் பார்த்து, ஒரு விதியைச் சொல்கிற மாதிரி சொன்னது:

"அப்பா வந்தா இந்தக் கை கூடாது. அம்மா சொல்லுச்சு."

காளியப்பன் அப்படியே கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ அடி ஆழத்துக்குப் பாறையைத் துளைத்த மனுஷன். ஒரு பிள்ளையின் வார்த்தை அவரை உட்கார வைத்துவிட்டது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் மழைக்காலத்தில் வருகிற ஆள். அவர் வந்தால் கையை ஒளிக்க வேண்டும். மழை விட்டால் போய்விடுவார். இப்போது அவர் போகவே போவதில்லை என்கிறார்கள். அவரோடு போனால் காலம் முழுக்கக் கையை ஒளிக்க வேண்டுமே என்று அது பயந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்லும்?

"நான் எப்படா போவேன்னு நெனச்சுட்டு இருந்திருப்பா" என்றார் காளியப்பன். "எம்பட ஊட்டுலயே அவ கையக் கட்டிட்டு இருந்திருக்கறா."

"அப்படிச் சொல்லாதீங் மாமா" என்றாள் மலர்விழி. "நீங்க வாரீங்கன்னு போன் வந்துச்சுன்னா அக்கா சும்மாவே சிரிச்சுட்டுத் திரியும். கையை மட்டுந்தான் ஒளிச்சு வெச்சுது."

அவர் அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து கவுண்டர் மேலிருந்த ராடை எடுத்தார். பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். தன் குரல் பெரிசு என்று அவருக்கே அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். தொண்டையை அமுக்கிக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கை, சாமி?"

பிள்ளை சித்தியைப் பார்த்தது. மலர்விழிக்கு மனசு இரண்டாகக் கிடந்தது. "மாமா, பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு ஒரு எடத்துக்குப் போகோணும். பந்தியில பரிமாறோணும். அதுக்காகத்தான் நானும் அதட்டி அதட்டிப் பழக்கறேன். இப்ப விட்டா அப்பறம் வராதுங்க" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அக்கா பட்டதைப் பிள்ளையும் படக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள்.

"எலையை மடிச்சுட்டு எந்திரிக்கறவன் எந்திரிச்சுப் போகட்டும் மலரு" என்றார் காளியப்பன். "பசிச்சா தானா வந்து உக்காருவான்."

பிள்ளை முதுகுக்குப் பின்னாலிருந்து இடது கையை எடுத்துக் காட்டியது. உள்ளங்கையைப் பிரம்படிக்கு நீட்டுகிற மாதிரி நீட்டியது. அவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திருகைக் கழற்றி, கைப்பிடியை உருவி, வலப்பக்கமாக மாட்டினார். நான் மாட்டித் தருகிறேன் என்றதற்கு விடவில்லை. அந்தச் சின்னத் திருகு அவருடைய தடித்த விரல்களிலிருந்து இரண்டு மூன்று தடவை நழுவி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பிள்ளை குனிந்து எடுத்துக் கொடுத்தது. முதல் தடவை வலது கையால் கொடுத்தது. கடைசியில் இடது கையால் கொடுத்தது. அவர் வாங்கிக்கொண்டார்.

நான் கடையைச் சாத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கெடுகிறதே என்று வீட்டுக்காரர் சாயங்காலம் கேட்பார், கேட்கட்டும். நாலு பேருமாகப் பூலாம்பட்டிக்குப் போனோம். சரிதா உட்காருகிற பாறை எது என்று பிள்ளைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நேராக அங்கேதான் போனது. மைதா மாவை உருட்டி முள்ளில் குத்தியது, சிவப்புத் தக்கையை மாட்டியது, இடது கையால் ராடைப் பிடித்தது. எறிவதற்கு முன்னால் திரும்பி அப்பனைப் பார்த்தது.

"உங்கூட்டுக்கு வந்தா இந்தக் கையிலயே சாப்புடலாமா?"

"நம்மூடுதான் சாமி அது. சாப்புடு. எழுது. எதை வேணாலும் பண்ணு."

"உங்களுக்குச் சோறு போட்டா?"

"போடு சாமி. போட்டாத் திம்பேன்" என்றார்.

பிள்ளை தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. காளியப்பன் என் பக்கம் வந்தார்.

"பாயம்மா, நீங்க பாத்திருக்கறீங்க. சரிதா எப்படி எறியுமுங்க? நான் பாத்ததே இல்லீங்க."

கையை அப்படி வைப்பாள், இப்படி வீசுவாள் என்று ஏதோ உளறினேன். பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்படியில்ல பாயம்மா" என்றது. "அம்மா இப்புடி."

வலது காலை முன்னால் வைத்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தது. இடது கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், உதட்டைக் கடித்துக்கொண்டு வீசியது. தக்கை ஆற்றுக்குள் வெகுதூரம் போய் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே சரிதாதான். மலர்விழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காளியப்பன் தண்ணீரைப் பார்க்கவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா, சாமி" என்றார்.

பிள்ளை வலது கையால் சுற்றி நரம்பை இழுத்துக்கொண்டது. மறுபடி எறிந்தது. அவர் மறுபடியும் இன்னொருக்கா என்றார். மீன் ஒன்றுகூட விழவில்லை. இந்த எறி எறிந்தால் எந்த மீன் நிற்கும்? அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை.

பொழுது சாய்ந்ததும் மலர்விழி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு அம்மிணி" என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பாமலே சொன்னது:

"நீ போ சித்தி. நான் அப்பாவுக்கு எறிஞ்சு காட்டோணும்."

மலர்விழி பையைக் கழற்றிக் காளியப்பன் பக்கத்தில் பாறைமேல் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். துணைக்கு நானும் அவளோடு போனேன்.